பிள்ளை சிவந்த மத்தியானம்

கோவளம் தாண்டி மாமல்லபுரம் போகிற சாலையில், ஒரு சவுக்குத் தோப்புக்குப் பின்னால் அந்த மருத்துவமனை இருந்தது. இதயக் கோளாறோடு பிறக்கிற குழந்தைகளுக்கு மட்டுமானது. அதற்கு முன்பு அது படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுகிற பங்களா. அதன் மாடிப்படியில் உருண்டு விழுந்து செத்த வில்லன்கள் மட்டும் நானூறு பேர் தேறுவார்கள். இப்போது அதே படிகளில் பிரசவ வயிறு இன்னும் வற்றாத இளம் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்து, காகிதக் கோப்பையில் டீயை ஆறவிட்டுக்கொண்டு, எதிர்ச்சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வை நேரம் மதியம் இரண்டு மணி. பத்து நிமிஷம். அதுவும் கண்ணாடிக்கு வெளியே நின்று.

ஒரு திங்கட்கிழமை உச்சி வேளையில் ஜாய்ஸ் அங்கே பஸ்ஸைவிட்டு இறங்கினாள். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சாலைத் தார் உருகி, பிடித்த செருப்பைத் திருப்பித் தர மாட்டேன் என்றது.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. பதினெட்டு வருஷமாக நர்ஸ் வேலை. அப்பாவும் அம்மாவும் படாளத்துக் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்களும் ஒவ்வொருவராகத் தீர்ந்துபோய்விட்டார்கள். படூரில் பதினாலு மாடிக் குடியிருப்பு ஒன்றில் ஒற்றை அறை. அந்தக் கட்டடத்தில் ஆயிரத்து இருநூறு பேர் இருந்தார்கள். லிஃப்டில் அவளைப் பார்த்து இதுவரை சிரித்தவன் ஒரே ஒருத்தன். அவனும் போனில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தான்.

மருத்துவமனையில் முதலில் எதிர்ப்பட்டது முனிசாமி. தள்ளுவண்டி தள்ளுகிற ஆள். அவர் வாய் மூடியிருந்த நாளை அந்தக் கட்டடம் கண்டதில்லை.

"இன்னா சிஸ்டர், புதுசா? எந்த ரூமு குட்த்தாங்க?"

"நாலாம் நம்பர். மத்தியான டூட்டி."

வண்டி நின்றது. முனிசாமியின் வாயும் நின்றது. வாய் நின்றதுதான் ஜாய்ஸுக்கு விசித்திரமாகப் பட்டது.

"ஏன் அண்ணா, என்ன ஆச்சு?"

"ஒண்ணியும் இல்ல. அந்த ரூம்ல மத்தியானம் நின்ன சிஸ்டருங்க அஞ்சு பேரு வேலைய வுட்டுட்டுப் பூட்டாங்க. கடசியா போன பொண்ணு செருப்பக்கூட எட்த்துக்கல. ஏழாம் நம்பர் சைஸு. எம் பொண்டாட்டிதான் போட்டுகினு கீறா."

"எதுக்குப் போனாங்க?"

"கேட்டா சொல்லமாட்டாங்க சிஸ்டர். கையக் கைய பாத்துகினே போவாங்க."

ஜாய்ஸ் சிரித்தாள். புது ஆளைப் பயமுறுத்திப் பார்க்காத மருத்துவமனை ஊழியன் உலகத்தில் உண்டா?

நாலாம் அறை தனி அறை. ஜன்னல் கிடையாது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, அதில் வெளியே நிற்கிறவர்களோடு பேசுவதற்காக அரைக்காசு அளவில் நாலைந்து துளைகள். உள்ளே இருந்த குளிரில் பெங்குயின்கூட விடுப்பு எழுதிக் கொடுக்கும். நடுவில் வெப்ப விளக்கின் கீழ் ஒரு சின்னப் படுக்கை. அதன் மேல் ஒன்பது நாள் வயதான ஒரு பிள்ளை. பெயர் இன்னும் வைக்கவில்லை. காலில் கட்டியிருந்த பட்டையில் 'ரேணுகாவின் குழந்தை' என்று மட்டும் எழுதியிருந்தது. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், கையில் இரண்டு, மார்பில் இரண்டு. குழாய்களுக்கு நடுவில் தேடினால்தான் பிள்ளை கிடைத்தான்.

அவன் நீலமாக இருந்தான். உதடும் நகமும் நாவல்பழம் தின்ற மாதிரி.

"அழகா இருக்கான் இல்ல?" என்றார் டாக்டர் உலகநாதன், பின்னாலிருந்து.

"நீலமா இருக்கானே டாக்டர்."

"அதைத்தான் சொல்றேன். இவனுக்கு அந்த நீலம்தான் அழகு." அவர் மதுராந்தகத்துக்காரர். எதையும் ஏரியை வைத்துத்தான் விளக்குவார். "இவன் இதயத்துல பாதிதான் வேலை செய்யுது. ஒரே ஒரு பம்பு. அதுல இருந்து உடம்புக்கு ஒரு வாய்க்கால், நுரையீரலுக்கு ஒரு வாய்க்கால். நுரையீரல் வாய்க்காலை மூணரை மில்லிமீட்டர் குழாயை வெச்சு நான்தான் தைச்சேன். ஏரித் தண்ணி ரெண்டு பக்கமும் சமமாப் போகணும். இப்ப நீ பாவம் பார்த்து ஆக்சிஜனை ஏத்திவிட்டேன்னு வெச்சுக்க, நுரையீரல் ரத்தக் குழாயெல்லாம் விரிஞ்சு கொடுக்கும். மொத்தத் தண்ணியும் அந்தப் பக்கம் பாயும். பிள்ளை ரோஜாப்பூ மாதிரி செவந்துடுவான். உடம்பு கடைமடை மாதிரி காஞ்சுபோகும். குடல், மூளை, கிட்னி எல்லாம்."

"செத்துடுவானா?"

"அழகா செத்துடுவான்." அவர் திரையைக் காட்டினார். "ரத்தத்துல ஆக்சிஜன் அளவு இப்ப எழுபத்தெட்டு. எழுபத்தஞ்சுக்கும் எண்பத்தஞ்சுக்கும் நடுவுல இருந்தா நான் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். தொண்ணூத்தஞ்சுன்னா ஓடி வருவேன். ஆக்சிஜன் திருகு இருபத்தொண்ணுலதான் இருக்கணும். அதாவது, நாம மூச்சு விடற சாதாரணக் காத்து. ஒரு புள்ளி ஏத்தறதா இருந்தாலும் என்னைக் கேட்கணும். புரியுதா? நிறத்தைப் பார்க்காத. காலைத் தொட்டுப் பாரு. கால் சூடா இருந்தா பிள்ளை நல்லா இருக்கான்."

ஜாய்ஸ் காலைத் தொட்டாள். கட்டைவிரல் அளவுப் பாதம். வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் போன பிறகு அறையில் அவளும் பிள்ளையும் இயந்திரமும் மட்டும். இயந்திரம் பிள்ளைக்காக மூச்சு விட்டது. உஸ்... புஸ். உஸ்... புஸ். குருவி இதயம் போல நிமிஷத்துக்கு நூற்று நாற்பது தடவை துடிக்கிற துடிப்பு, டிக்டிக்டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. படூர் அறையைவிட இங்கே துணை அதிகம் என்று அவளுக்குத் தோன்றியது. இங்கே குறைந்தபட்சம் ஒருத்தனாவது மூச்சு விடுகிறான்.

ஒன்றே முக்காலுக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பேடு எழுத ஆரம்பித்தாள்.

அப்போது ஒரு வாசனை வந்தது.

முகப்பவுடர் வாசனை. குழந்தைக்குக் குளிப்பாட்டிப் போடுகிற பவுடர். தூள் என்ற பேச்சுக்கே அந்த அறையில் இடமில்லை. உள்ளே வருகிறவர்கள் கை கழுவுகிற கழுவலில் ரேகையே அழிந்துவிடும். யார் பவுடர் போட்டுக்கொண்டு வந்தது?

பாவம், என்று நினைத்துக்கொண்டாள். அம்மா வருகிற நேரம்.

ஏன் அப்படி நினைத்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எழுதுவதைத் தொடர்ந்தாள்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். நிமிர்ந்தாள். வெளியே ஒரு பெண், இருபத்திரண்டு வயதிருக்கும், நைட்டிக்கு மேல் துண்டு, கலைந்த தலை, முகம் முழுக்கச் சிரிப்பு. துளை வழியாகக் கத்தினாள்.

"சிஸ்டர்! எம் புள்ள செவந்துட்டான் பாருங்க! எப்டி கீறான் பாருங்க, சாமி படம் மாரி!"

ஜாய்ஸ் திரும்பினாள்.

பிள்ளை சிவப்பாக இருந்தான். உதடு மாதுளை முத்து. கன்னம் விளம்பரப் படத்துக் குழந்தையின் கன்னம்.

திரையில் தொண்ணூற்றேழு.

காலைத் தொட்டாள். ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பச்சை மிளகாய் மாதிரி ஜில்லிட்டிருந்தது.

ஆக்சிஜன் திருகு நூறில் நின்றது.

திருகைப் பின்னுக்குத் திருப்பியதும், மணியை அழுத்தியதும், உலகநாதன் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடிவந்ததும் அவளுக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. அவர் இயந்திரத்தின் மூச்சு வேகத்தைக் குறைத்தார். மருந்தை மாற்றினார். ரத்தம் எடுத்துப் பார்த்து, பல்லைக் கடித்தார். நாலு மணிக்குத்தான் பிள்ளை மறுபடி நீலமானான். வெளியே ரேணுகா மட்டும் அழுதாள். "செவந்துகினு வந்தானே, மறுபடி ஏன் கறுத்துட்டான்?"

"இயந்திரக் கோளாறு" என்றார் டாக்டர். "முன்னயும் இப்படி நடந்திருக்கு." இயந்திரத்தை மாற்றினார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. புது இயந்திரம், நேற்றுதான் உறை பிரித்தது. ஜாய்ஸ் வந்ததும் முதல் வேலையாகப் பிளாஸ்டரை எடுத்து, திருகை இருபத்தொன்றில் வைத்து, மேலே ஒட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று பட்டைகள். இனி அந்தத் திருகைத் திருப்ப வேண்டுமானால் கத்தரிக்கோலும் கைராசியும் வேண்டும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இயந்திரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்தாள். கண்ணை இமைக்கக்கூட முறை வைத்துக்கொண்டாள்.

ஒன்றே முக்கால்.

பவுடர் வாசனை.

அவளுக்குப் பயம் வரவில்லை. அதுதான் வேடிக்கை. பேய் என்றால் பல்லும் நகமுமாக வரும், ராத்திரி பன்னிரண்டுக்கு வரும் என்று யார் யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். இது பட்டப்பகலில், ஓர் இரக்கமாக வந்தது. நெஞ்சுக்குள் வெதுவெதுவென்று இறங்கியது. படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் கலைந்த தலை ஞாபகத்துக்கு வந்தது. பத்து நாள் தவிப்பு. பத்து நிமிஷப் பார்வை. அதிலும் நீலப் பிள்ளையைத்தான் பார்க்க வேண்டுமா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அழகாகக் காட்டினால் என்ன?

பாவம்.

இது அவள் குரல் இல்லை.

பாவம்ல... அம்மா வராங்கல்ல...

காதுக்கு இவ்வளவு பக்கத்தில் அவளோடு யாராவது பேசி எத்தனை வருஷம் ஆயிற்று!

கண்ணாடி தட்டுகிற சத்தம். ரேணுகாவின் சிரிப்பு. ஜாய்ஸ் உட்கார்ந்த இடத்திலேயேதான் இருந்தாள். திரையில் தொண்ணூற்றாறு. பிள்ளை ரோஜாப்பூ. திருகு நூறு.

பிளாஸ்டரைக் காணவில்லை.

தரையில் தேடினாள். இயந்திரத்துக்குப் பின்னால் தேடினாள். திருகைத் திருப்புவதற்குக் கையை நீட்டியபோதுதான் பார்த்தாள்.

மூன்று பட்டைகளும் அவளுடைய இடது முன்கையில் ஒட்டியிருந்தன. வரிசையாக. ஓரம் மடங்காமல்.

விரல் நுனிகளில் வெள்ளைத் தூள்.

இந்தத் தடவை பிள்ளை திரும்பி வர ஐந்து மணி ஆனது. சிறுநீர் வரவில்லை என்று டாக்டர் பையையே முறைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு சொட்டு விழுந்தபோது, லாட்டரி விழுந்த மாதிரி மூச்சு விட்டார். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்: "மறுபடி ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்த இதயம் தாங்காது சிஸ்டர். நான் சொல்றது புரியுதா? அவ்வளவுதான்."

அவள் தலையாட்டினாள். பட்டைகள் இருந்த கையைப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தாள்.

முனிசாமி தோப்புப் பக்கம் பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அவள் நேரே போய்க் கையை நீட்டினாள். அவர் பார்த்தார். பீடியைக் கீழே போட்டார்.

"யாருண்ணா அது?"

"பிரபா சிஸ்டரு." வழக்கத்துக்கு மாறாகச் சின்னக் குரல். "ஏழு வருசம் ஆவுது. தங்கமான பொம்பள, எப்பவும் பவுடரு வாசனயோட வரும். அதுக்கும் யாரும் கெடையாது, உன்ன மாரிதான். ஒரு அம்மா டெய்லி கண்ணாடிகிட்ட நின்னு அழுதுகினே கீறா, எம் புள்ள கறுத்துக் கீது, கறுத்துக் கீதுன்னு. பிரபா சிஸ்டரு பாவம் பாத்து, பார்வ டைம்ல பத்து நிமிசம் மட்டும் காத்த ஏத்தி வுட்டுது. புள்ள செவந்துச்சு. இது வெளிய வந்து நின்னுச்சு. அந்தம்மா சந்தோசத்துல இது கையப் புட்ச்சிகினு பேசிகினே கீது, பேசிகினே கீது. இதுங்கிட்ட அதுக்கு முன்னாடி யாரு அப்டிப் பேசுனா? இதுவும் கேட்டுகினே நின்னுச்சு. திருப்பி எறக்க மறந்துச்சு."

"பிள்ளை?"

"நாலு மணிக்குப் பூட்ச்சு."

கடல் இரைந்தது. காற்றே இல்லாமல் சவுக்கு ஆடியது.

"பிரபா சிஸ்டர என்ன பண்ணாங்க?"

"ஒண்ணியும் பண்ணல. அதான் பேஜாரு. போலீசு இல்ல, கேசு இல்ல. அந்தம்மாகூட ஒரு வார்த்த திட்டல, புள்ளயத் துணில சுத்திகினு போயே பூட்டா. டாக்டருங்களும் திட்டல. ஒருத்தரும் அதுங்கிட்ட பேசவே இல்ல. மூணு மாசம் டூட்டிக்கு வந்துகினு போய்கினு இருந்துச்சு. அப்பறம் ஒரு நாளு வரல. கேளம்பாக்கத்துல வாடக ரூமு. ரெண்டு நாளு கழிச்சுதான் கதவ ஒட்ச்சாங்க."

ஜாய்ஸ் அன்று படூர் அறைக்குப் போய், வேலையை விட்டுவிடுகிறேன் என்று கடிதம் எழுதினாள். புதன்கிழமை காலை அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். கேளம்பாக்கம் சந்திப்பில் பஸ் மாறும்போது, நேரே படாளம் போகிற வழியும் கண்ணில் பட்டது. அங்கே போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அதுவும் போகட்டும். அவள் போய்விட்டால் இன்று மத்தியானம் அந்த நாற்காலியில் விவரம் தெரியாத வேறொருத்தி உட்காருவாள். வெதுவெதுவென்று ஓர் இரக்கம் அவள் நெஞ்சில் இறங்கும். பிள்ளை அழகாகச் செத்துப்போவான்.

கடிதத்தை நாலாகக் கிழித்தாள். பஸ் ஏறினாள்.

ஒன்றரை மணிக்கு மாடிப்படிக்கு வந்து ரேணுகாவைக் கூப்பிட்டாள். "கை கால் கழுவிட்டு உள்ள வா."

"உள்ளயா? கண்ணாடிக்கு இந்தப் பக்கம்தானே நிக்கச் சொல்லுவாங்க?"

"என் வேலை போனா போகட்டும். வா."

மேலங்கி, தொப்பி, முகக்கவசம் எல்லாம் மாட்டி, ரேணுகா முதன்முறையாகத் தன் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றாள். தொடலாமா என்று கேட்கக்கூடப் பயந்து, இரண்டு கையையும் தானே கட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு மறுபடி கறுத்துக் கீறானே சிஸ்டர். நேத்து செவப்பா இருந்தான். ஊரு பூரா போன் போட்டுச் சொன்னேன். எங்க வூட்டுக்காரரு கோயில்ல தேங்கா ஒட்ச்சாரு."

"ரேணுகா, நான் சொல்றதைக் கேளு. இவன் செவந்தா செத்துடுவான்."

அந்தப் பெண்ணின் கண்கள் முகக்கவசத்துக்கு மேலே பெரிதாயின. ஜாய்ஸ் ஏரியைச் சொன்னாள், வாய்க்காலைச் சொன்னாள், கடைமடையைச் சொன்னாள். ரேணுகா படாளத்துக்காரி. மேல்மடைக்காரன் தண்ணீரைத் திருப்பிக்கொண்ட வருஷம் கடைசி வயல் எப்படிப் பிளந்து கிடக்கும் என்று அவளுக்கு டாக்டர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள் ஜாய்ஸ். தொட்டாள்.

"சூடாக் கீது."

"அதான் உயிர். நெறத்தைப் பார்க்காத. இப்ப இன்னொண்ணு சொல்றேன், பயப்படாத. கொஞ்ச நேரத்துல நான் எழுந்து போய் இந்தத் திருகைத் திருப்பப் பார்ப்பேன். என்னை விடாத. அடிச்சாலும் பரவாயில்ல."

"நீங்க ஏன் சிஸ்டர் திருப்பப் போறீங்க?"

ஜாய்ஸ் பதில் சொல்வதற்குள் ஒன்றே முக்கால் ஆகிவிட்டது.

பவுடர் வாசனை.

இந்தத் தடவை ரேணுகாவும் மூக்கைச் சுருக்கினாள்.

அறையின் குளிர் இன்னும் ஒரு படி இறங்கியது. கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்தது. ஜாய்ஸின் நெஞ்சில் அந்த வெதுவெதுப்பு இறங்கியது. இன்று அது ஆற்று வெள்ளம் போல வந்தது. அம்மா வந்திருக்கிறாள். உள்ளேயே வந்திருக்கிறாள். இதைவிட நல்ல நேரம் எப்போது வாய்க்கும்?

அவள் கால் நடந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் முடிந்தது. சொந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவள் மாதிரி, தன் கை தன்னைக் கேட்காமல் நீளுவதை உள்ளே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேணுகா பாய்ந்து அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். "அய்யோ!" என்றாள். மீன் கடை ஐஸ் கட்டியைப் பிடித்த மாதிரி இருந்தது. விடவில்லை.

ஜாய்ஸின் முகம் திரும்பியது. சிரித்தது. அந்தச் சிரிப்பு ஜாய்ஸுடையது இல்லை. அவளைவிட வயதான, களைத்த, யாரையாவது சந்தோஷப்படுத்திவிட வேண்டும் என்று தவிக்கிற சிரிப்பு.

"அழகாக் காட்டுறேம்மா," என்றது வேறொரு குரல். "பத்து நிமிஷம்."

திருகு நகர்ந்தது. முப்பது. நாற்பது.

திரையில் எண்பத்துநாலு. எண்பத்தாறு. பிள்ளையின் உதட்டில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது.

ரேணுகா பேய் பார்த்து அலறியிருக்க வேண்டும். மயங்கி விழுந்திருக்க வேண்டும். பிரசவமாகிப் பதினொரு நாள்தானே ஆகிறது? ஆனால் அவள் பிள்ளையைப் பார்த்தாள். அவன் காலைத் தொட்டாள். சூடு குறைந்திருந்தது. அவளுக்கு வந்தது கோபம். படாளத்தில் இருந்து மதுராந்தகம் ஏரிக்கரை வரைக்கும் கேட்கிற கோபம்.

"ஏய்! உனுக்கு அறிவு கீதா? பச்ச மண்ண வச்சிகினு வெளாட்டா உனுக்கு? அழகு வோணும்னு நானா கேட்டேன்? கேட்டா இன்னா? பெத்தவ பைத்தியக்காரி, ஆயிரம் கேப்பா! நீ படிச்சவதானே, உனுக்கு எங்கடி போச்சு புத்தி? கறுப்பாக் கீறான், நீலமாக் கீறான், கத்தரிக்கா கலர்லகூட இருப்பான், எம் புள்ள! எனுக்கு உசுரு வோணும்! எடுடி கைய! எடுக்கிறியா, இல்ல மூஞ்சியப் பேத்துடவா?"

கை நின்றது.

இயந்திரம் மட்டும் மூச்சு விட்டது. உஸ்... புஸ்.

அந்த முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

"இன்னும் திட்டும்மா," என்றது.

ரேணுகா திட்டினாள். திட்டு என்றால் அப்படி இப்படித் திட்டு இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் இதுவரை புழங்கிய வசவுகளும் இனிமேல் புழங்கப்போகிற வசவுகளும் அன்று அந்த அறையில் வரிசையில் நின்றன. அம்மாவை இழுத்தாள், ஆத்தாவை இழுத்தாள், படித்த படிப்பை இழுத்தாள், போட்ட சட்டையை இழுத்தாள். திட்டிக்கொண்டே மணிக்கட்டை ஒரு கையால் பிடித்தபடி, மறுகையால் திருகைத் தானே பின்னுக்குத் திருப்பினாள். முப்பது. இருபத்தைந்து. இருபத்தொன்று. திட்டித் திட்டி, கடைசியில் அவளுக்கே அழுகை வந்தது.

ஜாய்ஸின் கண்ணில் இருந்தும் நீர் வழிந்தது. அது கன்னத்தில் இறங்கியபோது, குளிர்ந்து குளிர்ந்து வலித்தது.

பிறகு கை சூடானது. வாசனை போயிற்று. ஜாய்ஸ் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் எழுபத்தொன்பது.

பிள்ளை நாவல்பழ நீலத்தில், உலகத்திலேயே அழகாகக் கிடந்தான்.

"பூட்ச்சா சிஸ்டர்?" என்றாள் ரேணுகா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ரொம்ப திட்டிட்டனா? பாவம், யாரு பெத்த பொண்ணோ."

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க ஒன்றே முக்கால் மணி வெறும் ஒன்றே முக்கால் மணியாகவே வந்து போயிற்று. ஞாயிற்றுக்கிழமை வாயில் இருந்த குழாயை எடுத்தார்கள். பிள்ளை முதல் தடவையாகச் சொந்தமாக அழுதான்; பூனைக்குட்டி தும்முகிற அளவுச் சத்தம். அதைக் கேட்டு முனிசாமி தள்ளுவண்டியைச் சுவரில் மோதினார். செவ்வாய்க்கிழமை அவனைக் கீழ்த்தளத்து வார்டுக்கு மாற்றினார்கள். ரேணுகா அவனை மடியில் வைத்துக்கொண்டு, ஜாய்ஸுக்குக் கையசைத்தாள். வார்டில் அவளைச் சுற்றி மாமியார், நாத்தனார், சித்தி, பக்கத்து வீட்டுக்காரி என்று பதினெட்டுப் பேர். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஜாய்ஸ் கொஞ்ச நேரம் கதவருகில் நின்றாள். பிறகு மேலே வந்துவிட்டாள்.

நாலாம் அறை காலியாக இருந்தது. மறுநாள் வேறொரு பிள்ளை வருகிறது. படுக்கையை மருந்து நீரால் துடைத்தாள். குழாய்களை மாற்றினாள். சோதித்துப் பார்ப்பதற்காகத் திரையைப் போட்டுவிட்டு, நாடித்துடிப்பு பார்க்கிற ஒட்டுப்பட்டையை வெறும் மெத்தையின் மேல் விரித்து வைத்தாள். சிவப்பு விளக்கு எரிகிற சின்ன நாடா. பிள்ளையின் பாதத்தில் சுற்றுவது. எதன் மேலும் சுற்றாவிட்டால் திரையில் வெறும் கோடுகள்தான் வரும். கோடுகள் வந்தன. சரி.

வெளியே கடிகாரம் இரண்டு அடித்தது. தாய்மார்கள் படியேறி வருகிற சத்தம் கேட்டது. ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு கண்ணாடிக்குப் போனாள். நாலாம் அறைக் கண்ணாடிக்கு வர யாரும் இல்லை.

டிக்.

ஜாய்ஸ் கை துடைத்துக்கொண்டிருந்தவள், நின்றாள்.

டிக்... டிக்.

குருவித் துடிப்பு இல்லை. மெதுவான, நிதானமான, பெரிய ஆளின் துடிப்பு. திரையில் எழுபத்திரண்டு.

நாடா மெத்தையில் அப்படியே விரிந்து கிடந்தது.

அதை எடுத்துத் தன் விரலில் வைத்துப் பார்த்தாள். நூற்றுப் பதினொன்று, அவள் இதயம் அடித்துக்கொண்ட அடி. மறுபடி மெத்தையில் வைத்தாள். கோடுகள். ஒரு நிமிஷம் கோடுகள்.

டிக்.

எழுபத்திரண்டு.

ஓடலாம். கதவு நாலடியில் இருந்தது. செருப்பை விட்டுவிட்டுப் போனால் முனிசாமியின் மனைவிக்கு இன்னொரு ஜோடி ஆகும். அவள் ஓடவில்லை. நாற்காலியைப் படுக்கைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவளுக்கும் இதெல்லாம் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கடைசியில், எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டாள்.

"சாப்டியா?"

எழுபத்திரண்டு எண்பதாயிற்று. தொண்ணூற்றைந்தாயிற்று. நூற்றுப் பதினெட்டு.

மெத்தையில் விரிந்து கிடந்த நாடாவின் இரண்டு ஓரங்களும் மெல்ல எழும்பின. ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. ஒரு விரலின் தடிமனுக்கு வளைந்து, இறுக்கி ஒட்டிக்கொண்டன.